தேர்வுக் குழுவில் உட்காரும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு

மதிப்புக்குரிய சார்களுக்கும் மேடம்களுக்கும்,

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏதோ ஒரு திருச்சபையின் பெயரில் நடக்கும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பாடம் நடத்திக்கொண்டு, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது புது ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காருகிறவர்கள் நீங்கள். நான் பார்த்தவரை இன்ஜினியரிங், கணிதம், நர்சிங், கம்ப்யூட்டர் என்று எந்தத் துறையை எட்டிப் பார்த்தாலும் உங்களில் ஒருவர் இருக்கிறார். தன்பாலீர்ப்புள்ளவர்களை ஆசிரியர்களாக எடுப்பதில்லை என்று அந்தக் கல்லூரிகள் சில வைத்திருக்கும் விதியைப் பற்றிய மடல் இது. இதை ஆங்கிலத்தில் எழுதி, கல்லூரியை நிர்வகிக்கும் அறங்காவலர்களுக்கு அனுப்பியிருக்கலாம். அவர்களுக்கு ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று, மாணவர்கள் தலைவர் அறை வாசலில் படுத்துக் கிடந்தாயிற்று, வழக்கும் போட்டாயிற்று. உங்களுக்குத்தான் யாரும் எழுதவில்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

நான் புள்ளியியல் கற்பிக்கிறவன். ஓர் ஆணைத் திருமணம் செய்துகொண்ட ஆண். இப்போது ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை இருக்கிறது, நன்றாகவே இருக்கிறேன், ஆகவே வேலை கேட்டு எழுதுகிற மடல் இல்லை இது.

ஒரு வேலை விளம்பரம் வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பணி நிரந்தரத்துக்கு வழியுள்ள டென்யூர் ட்ராக்கா, செமஸ்டருக்கு எத்தனை வகுப்பு, சம்பளம் போட்டிருக்கிறார்களா என்றுதானே. என்னைப் போன்றவர்கள் கடைசிப் பத்திக்குப் போவோம். இனம், நிறம், பிறந்த நாடு, வயது, பாலினம், உடற்குறை, ராணுவத்தில் பணியாற்றியவர் என்று வரிசையாகச் சொல்லி, இவற்றின் பேரில் நாங்கள் பாகுபாடு காட்டுவதில்லை என்று ஒரு வரி வரும். அந்த வரியில் என்ன இருக்கிறது என்று நாங்கள் படிப்பதில்லை, எது இல்லை என்று தேடுவோம். 'பாலின ஈர்ப்பு' என்ற சொல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். கத்தோலிக்க இயேசு சபையினரின் ஜெசூட் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும், மதம் என்று வந்தாலே எல்லாரும் ஒரே மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சொல் இல்லாவிட்டால், அது மறதியா, பழைய விளம்பரத்தை அப்படியே வெட்டி ஒட்டியதா, அல்லது வேண்டுமென்றே விட்டதா என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அப்புறம் 'எங்கள் நோக்கத்தோடு ஒத்துப்போகிறவர்கள்' என்று ஒரு வாசகம் இருக்கும். அந்த வாசகத்துக்குள் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்க மாட்டார்கள். முப்பத்தைந்து பக்க ஆசிரியர் கையேட்டில் எங்கோ ஒரு பத்தியில் இருக்கும், அந்தக் கையேடு வேலையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் திறக்கும் இணையப் பக்கத்தில் இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் நான் அப்படி ஒரு விளம்பரத்தைத் தப்பாகக் கணித்தேன்.

அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு சிறிய கல்லூரி, பெயர் வேண்டாம். ஜூம் நேர்காணல் நன்றாகப் போனது. இரண்டு நாள் நேரில் வரச் சொன்னார்கள். விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துப்போனவர் உங்களில் ஒருவர், தேர்வுக் குழுவில் மூத்தவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருப்பார். கார் கதவைச் சாத்தியதும் தமிழுக்கு மாறினார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பனி, ட்ராஃபிக், பிள்ளைகளுக்குத் தமிழ் வராத கவலை, எல்லாம் பேசிவிட்டு, நம்மில் யாரும் கேட்காமல் விடாத கேள்வியைக் கேட்டார். "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

இந்தக் கேள்வியை நேர்காணலுக்கு வந்தவரிடம் கேட்கவே கூடாது என்று மனிதவளத் துறை உங்களுக்கு வருடா வருடம் பயிற்சி கொடுக்கிறது, எனக்கும் கொடுக்கிறது. அவர் அதை விதியை மீறிக் கேட்கவில்லை, பாசத்தில் கேட்டார். ஆயிடுச்சு சார் என்றேன். "அவங்க என்ன பண்றாங்க?" நர்ஸா இருக்காங்க சார், ஐசியூல, என்றேன். பொய் சொல்லவில்லை. தமிழ் எங்களுக்குக் கொடுத்திருக்கிற பெரிய வசதி இந்த 'அவங்க'. மரியாதைச் சொல்லுக்குள் ஆணா பெண்ணா என்பது தெரியாமல் போய்விடும். பத்து வருடம் உறவினர்களிடம் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். எந்த வாக்கியத்திலும் இடறாமல், 'அவங்க வந்தாங்க, அவங்க சமைச்சாங்க' என்று. அவரும் "நர்ஸுன்னா நல்லது, எந்த ஊர்ல வேணும்னாலும் வேலை கெடைக்கும்" என்று சந்தோஷப்பட்டார். அவர் நிஜமாகவே நான் அந்த ஊருக்கு வர வேண்டும் என்று விரும்பினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் ஏழு பேர். டீன் வந்திருந்தார். என் மனைவியும் குளிர் தாங்குவாளா என்று சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் கேட்டார். ஆங்கிலத்தில் 'அவங்க' கிடையாது. ஒருவரையே 'they' என்று சொல்லலாம் என்று இப்போது சொல்கிறார்கள், ஆனால் அந்த மேசையில் அதைச் சொன்னாலே விஷயம் புரிந்துவிடும். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, என் கணவருக்குக் குளிர் பழக்கம்தான், அவர் வளர்ந்ததே பனியில்தான் என்றேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருவர் ரொட்டிக் கூடையை எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தார், அவர் அதை அடுத்தவருக்குக் கொடுத்தார், யாரும் எடுக்காமலே அது மேசையைச் சுற்றி வந்து எனக்கு முன்னால் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த நம்முடையவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என் மாதிரி வகுப்பு. பேய்ஸ் தேற்றம் எடுத்தேன், மாணவர்கள் நன்றாகக் கேள்வி கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என்று போட்டிருந்த டீன் சந்திப்பு பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. முடியும்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள், 'சமூக உடன்படிக்கை' என்று தலைப்பு. திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது, அதற்கு வெளியே உள்ள எந்த உடலுறவிலிருந்தும் விலகியிருப்பேன், இப்படிக்கு, தேதி, கையெழுத்து. படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். விளம்பரத்தில் இல்லாதது, ஜூமில் இல்லாதது, அனுப்பிய பதினோரு மின்னஞ்சலில் இல்லாதது, மதியம் விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது வந்தது. திரும்பும்போது காரில் அவர் ஆங்கிலத்திலேயே பேசினார், அதுவும் வானிலை.

பத்து நாள் கழித்து, வேறொருவர் 'இன்னும் பொருத்தமானவராக' இருந்தார் என்று கடிதம் வந்தது. இருக்கலாம். வேறொருவர் என்னைவிட நல்ல ஆசிரியராக இருந்திருக்கலாம், நான்கைந்து பேரை அழைத்திருப்பார்கள். புள்ளியியல்காரன் என்பதால் ஒரே ஒரு நிகழ்வை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு ஒருபோதும் தெரியவராது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகே. 'பொருத்தம்' என்று எழுதினால் போதும், வழக்குப் போடவும் முடியாது, மறக்கவும் முடியாது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் 'சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்ய' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு வேலையில் பாகுபாட்டைத் தடுக்கிறது. அதிலேயே மத நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு உண்டு, தங்கள் மதத்தைச் சேர்ந்தவர்களையே எடுத்துக்கொள்ளலாம் என்று. முதலில் அது நிறுவனத்தின் மதப் பணிகளுக்கு மட்டும்தான் இருந்தது, 1972இல் எல்லாப் பணிகளுக்கும் விரித்துவிட்டார்கள். எவ்வளவு விரிந்தது என்பதற்கு ஒரு வழக்கு போதும். சால்ட் லேக் சிட்டியில் மார்மன் திருச்சபை நடத்திய டெசரெட் உடற்பயிற்சிக் கூடத்தில் பதினாறு வருடம் கட்டடப் பராமரிப்பு பார்த்த ஒருவரை, கோயிலுக்குள் நுழையத் தகுதிச் சீட்டு வாங்கவில்லை என்று வேலையை விட்டு எடுத்தார்கள். பிரசங்கம் செய்கிறவர் இல்லை, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். 1987இல் உச்ச நீதிமன்றம், அது சரிதான் என்றது.

அப்புறம் 'மதகுரு விலக்கு' என்று தனியாக ஒன்று. 2012இல் ஹொசானா-டேபர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ஏற்றது. திருச்சபை தன் மதகுருவைத் தானே தேர்ந்தெடுக்கட்டும், அதில் அரசுக்கு வேலையில்லை என்பது அடிப்படை, அதுவரை எனக்கும் சம்மதமே. ஆனால் யார் மதகுரு? 2020 ஜூன் 15 அன்று போஸ்டாக் தீர்ப்பு வந்தது, தன்பாலீர்ப்புக்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவது பாலினப் பாகுபாடே என்று ஆறுக்கு மூன்று. அன்று இரவு எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். மதச் சுதந்திரத்தோடு இது எங்கே மோதும் என்பதை வேறு வழக்குகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருந்ததை நாங்கள் கவனமாகப் படிக்கவில்லை. மூன்றே வாரத்தில், ஜூலை 8 அன்று, கத்தோலிக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் இந்த விலக்குக்குள் வருவார் என்று ஏழுக்கு இரண்டில் இன்னொரு தீர்ப்பு.

இதைப் பார்த்துப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன என்று நினைக்கிறீர்கள்? மாசசூசெட்ஸில் கார்டன் கல்லூரி அதற்கு முன்பே, 2016இல், தன் ஆசிரியர் கையேட்டைத் திருத்தி, இங்கே எல்லாப் பேராசிரியர்களும் ஊழியக்காரர்கள், அதாவது மதகுரு மாதிரி இறைப்பணி செய்கிறவர்கள், என்று எழுதிவிட்டது. ஆசிரியர்களே ஆட்சேபித்தார்கள். கல்லூரியின் தன்பாலீர்ப்புக் கொள்கைகளை எதிர்த்ததால் பதவி உயர்வு மறுக்கப்பட்டது என்று ஒரு சமூகப்பணிப் பேராசிரியர் வழக்குப் போட்டபோது, அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2021இல், கையேட்டில் எழுதிவிட்டால் ஒருவர் மதகுருவாகிவிட மாட்டார், அவர் செய்கிற வேலை என்ன என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022இல் அதை விசாரணைக்கு எடுக்கவில்லை, ஆனாலும் நான்கு நீதிபதிகள் இந்தத் தீர்ப்பு எங்களுக்கு உறுத்துகிறது என்ற தொனியில் குறிப்பெழுதினார்கள். ஆக நாளைக்கு எப்படிப் போகும் என்று கணிக்க நான் தயாரில்லை. கணக்குக் கற்றுக்கொடுக்கும் சார் ஒருவர் தன் கையேட்டின்படி தான் ஊழியக்காரர் என்பதை என்னிடம் சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் என்னை வெளியே நிறுத்துகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன், சிரிப்பு நின்றது.

இவ்வளவும் சட்டம் எதை அனுமதிக்கிறது என்பது. எதையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். தன்பாலீர்ப்புள்ளவரை எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் எந்தக் கல்லூரிக்கும் சொல்லவில்லை. செய்யலாம் என்று மட்டும்தான் சொல்கிறது. செய்கிறவர்கள் ஆட்கள், கூட்டம் போட்டு, கை தூக்கி.

சியாட்டில் பசிபிக் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தது. தன்பாலுறவில் இருப்பவர்களை நிரந்தர வேலைக்கு எடுப்பதில்லை என்பது அங்கே கொள்கை. நர்சிங் துறையில் அங்கே பகுதிநேரமாக வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஓர் ஆண் முழுநேர வேலைக்கு விண்ணப்பித்தபோது, தான் ஓர் ஆணைத் திருமணம் செய்தவர் என்பதால் மறுக்கப்பட்டதாக 2021 ஜனவரியில் வழக்குப் போட்டார். இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் வந்தது. வகுப்பு அதே வகுப்பு, ஊசி போடக் கற்றுக்கொடுப்பதும் அதேதான், மாணவர்களும் அவர்களே. செமஸ்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கற்பித்தால் ஆண்டவருக்கு ஆட்சேபமில்லை, மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டி வந்தால்தான் பாவம் நினைவுக்கு வருகிறது போலிருக்கிறது. அந்த ஏப்ரலில் ஆசிரியர்கள் அறங்காவலர் குழு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அடுத்த வருடம் மே மாதம் அறங்காவலர்கள் கொள்கையை மாற்றுவதில்லை என்று மீண்டும் வாக்களித்தார்கள். 2022 ஜூன் பட்டமளிப்பில், மேடைக்கு வந்த மாணவர்கள் பலர் இடைக்காலத் தலைவரின் கையைக் குலுக்காமல் ஆளுக்கொரு சிறிய வானவில் கொடியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள், அப்பா அம்மா கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பட்டம் இன்னும் கைக்கு வரவில்லை. டென்யூர் வாங்கி இருபது வருடமான உங்களுக்கு இதைவிடக் கஷ்டமாக என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிட்டேன்.

பயம் இல்லாமல் இல்லை என்பது எனக்கும் தெரியும். கால்வின் என்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணித் துறையில் இருந்த ஒருவர், ஒரு தன்பாலினத் திருமணத்தை நடத்திவைத்தார். அவர் தன்பாலீர்ப்புள்ளவர் இல்லை, மணமக்களுக்கு வேண்டியவர், அவ்வளவுதான். 2022இல் அவருடைய பணியை நீட்டிக்கவில்லை. மார்க்கெட் (Marquette) என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2010இல் ஜோடி ஓ'பிரையன் என்ற சமூகவியலாளரை டீனாக நியமிக்க முன்வந்து, அவரும் ஒப்புக்கொண்ட பிறகு, கத்தோலிக்க அடையாளத்துக்கு ஒத்துவராது என்று அதைத் திரும்பப் பெற்றது. அவர் தன்பாலீர்ப்புள்ள பெண், அதைப் பற்றிய ஆய்வுகளும் எழுதியவர். அந்த விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம் கடிதம் கொடுத்த பிறகு திரும்பப் பெற்றதுதான். கொடுக்கும் முன்பே 'பொருத்தம்' பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதிலிருந்து எல்லாரும் கற்றுக்கொண்ட பாடம் முன்கூட்டியே வடிகட்டிவிட வேண்டும் என்பதாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கனடாவில் இதற்கும் முன்னால் ஒன்று நடந்தது. எட்மன்டனில் கிங்ஸ் காலேஜ் என்ற கிறிஸ்தவக் கல்லூரியில் ஆய்வக ஒருங்கிணைப்பாளராக இருந்த டெல்வின் வ்ரீண்ட், தலைவர் கேட்டபோது ஆமாம், நான் தன்பாலீர்ப்புள்ளவன் என்று உண்மையைச் சொன்னார். கல்லூரி பிறகுதான் அதற்கென்று ஒரு கொள்கையை எழுதி, 1991 ஜனவரியில் அந்தக் கொள்கைக்கு அவர் ஒத்துவரவில்லை என்று நீக்கியது. ஆல்பர்ட்டா மாகாணத்தின் மனித உரிமைச் சட்டத்தில் 'பாலின ஈர்ப்பு' என்ற சொல் இல்லாததால் புகாரையே வாங்க முடியாது என்றார்கள். ஏழு வருடம் நடந்தார். 1998 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம், அந்தச் சொல் சட்டத்தில் இருப்பதாகவே இனி படிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நான் முதலில் சொன்ன விளம்பர வரி, அதில் விடுபட்ட சொல், அது நினைவுக்கு வருகிறதா? ஒரு மாகாணமே அப்படி ஒரு வரியை வைத்திருந்தது.

நீங்கள் என்னிடம் கேட்கக்கூடியது எனக்குத் தெரியும், நண்பர்களும் கேட்டிருக்கிறார்கள். 'விதி தெரிந்துதானே போனாய், வேறு கல்லூரியே இல்லையா?' முதலாவது, விதி தெரிந்து போகவில்லை, விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் தெரிந்தது. இரண்டாவது, வேலைச் சந்தை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள்தான் ஒரு இடத்துக்கு வருகிற விண்ணப்பங்களை மலையாகக் குவித்து வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள். மூன்றாவது, இது எனக்குக் கொஞ்சம் சொல்லக் கஷ்டமான விஷயம், எங்களில் நிறையப் பேர் விசுவாசிகள். என் கணவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர். அந்தக் கல்லூரியின் விசுவாச அறிக்கையில் கடவுள், மீட்பு, வேதம் பற்றி இருந்த அத்தனையிலும் அவரால் மனமாரக் கையெழுத்துப் போட முடியும். என்னாலும் பாதிக்கு மேல் முடியும்.

அமெரிக்கப் பேராசிரியர் சங்கத்தின் 1940 அறிக்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது, மத நோக்கம் காரணமாகக் கல்விச் சுதந்திரத்துக்கு வரம்பு உண்டென்றால் அதை நியமனத்தின்போதே எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று. எண்பது வருடத்துக்கு மேலாயிற்று. நியமனத்தின்போது என்பதே தாமதம் என்கிறேன் நான், விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. 2009இல் அமெரிக்க மெய்யியல் சங்கத்தில் இதே சண்டை நடந்து, சங்கத்தின் பாகுபாடு எதிர்ப்புக் கொள்கையை மீறும் கல்லூரிகளின் வேலை விளம்பரங்களைக் குறியிட்டுக் காட்டுவது என்று முடிவெடுத்தார்கள். எதிர்த்தவர்கள், அது எங்களுக்கு அவமானம் என்றார்கள். இதில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது. உங்கள் நிறுவனம் நம்புவதை உங்கள் நிறுவனத்தின் விளம்பரத்தில் போடுவது எப்படி அவமானம் ஆகும்? கையேட்டில் போடும்போது சாட்சி, விளம்பரத்தில் போட்டால் அவமானமா? 'திருமணமான தன்பாலீர்ப்பாளர்களை இந்த வேலைக்கு எடுக்க மாட்டோம்' என்று பன்னிரண்டு புள்ளி எழுத்தில் அச்சடித்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் 'நோக்கம்' என்று எழுதுகிறார்கள்.

மாறவே முடியாது என்று யாராவது சொன்னால் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தை ஞாபகப்படுத்துங்கள். வெவ்வேறு இனத்து மாணவர்கள் ஒருவரையொருவர் காதலிக்கக் கூடாது என்று வேதத்தைக் காட்டி விதி வைத்திருந்தார்கள். வரிவிலக்கு போனது, 1983இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்றில் அரசின் பக்கம் நின்றது, அப்போதும் அவர்கள் விதியை விடவில்லை. 2000இல் கைவிட்டார்கள், 2008இல் மன்னிப்புக் கேட்டார்கள். அதுவரைக்கும் அதுவும் மாற்ற முடியாத விசுவாசம்தான். உங்களையும் என்னையும் அன்று அந்த வளாகத்தில் எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்திருக்கிறேன்.

வழக்கில்லாமல், வரிவிலக்குப் பயமில்லாமல் மாறியவர்களும் உண்டு. கோஷன் கல்லூரியும் ஈஸ்டர்ன் மெனனைட் பல்கலைக்கழகமும் 2015 ஜூலையில், தன்பாலினத் திருமணம் செய்தவர்களையும் ஆசிரியர்களாக எடுப்போம் என்று அறிவித்தன. இரண்டும் மெனனைட் சபையைச் சேர்ந்தவை, இன்றைக்கும் அப்படித்தான். அதற்கு விலை இருந்தது. கிறிஸ்தவக் கல்லூரிகளின் கூட்டமைப்பில் அவர்கள் இருக்கக் கூடாது என்று வேறு இரண்டு பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பை விட்டே வெளியேறின. சண்டை பெரிதாக வேண்டாம் என்று செப்டம்பரில் இவர்களே விலகிக்கொண்டார்கள். கடவுளை விட்டுவிடவில்லை, ஒரு கூட்டமைப்பைத்தான் விட்டார்கள்.

என்ன செய்யச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அறங்காவலர் குழுவை நாளைக்கே மாற்றுங்கள் என்று சொல்லவில்லை. அடுத்த முறை குழுவில் உட்காரும்போது, விளம்பர வாசகம் உங்கள் மேசைக்கு வரும், அதில் இந்த விதி வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னாலே போதும், கூட்டம் ஒரு மணி நேரம் நீளும், அந்த ஒரு மணி நேரம் நடக்கட்டும். உடன்படிக்கைத் தாளை முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பச் சொல்லுங்கள். ஒருவரை விலக்கும்போது 'பொருத்தம்' என்று யாராவது சொன்னால், எதில் பொருத்தமில்லை என்று கேளுங்கள், பதிலைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பார்கள். மறுத்தார்கள் என்று எழுதுங்கள். டென்யூர் இருப்பவர்கள் இதைச் செய்யலாம். இல்லாதவர்களையும், விசாவை நம்பி இருப்பவர்களையும் நான் கேட்கவில்லை, அவர்கள் நிலைமை எனக்குத் தெரியும், நானும் ஆறு வருடம் எச்-ஒன்-பி வேலை விசாவில் வாயை மூடிக்கொண்டு இருந்தவன்தான். அப்புறம், இந்த விதியே தப்பு என்று நினைக்கிறவர்கள் உங்களில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டு ஆசிரியர் பேரவையில் சொல்லுங்கள்.

என்னைக் காரில் அழைத்துப்போன அந்தக் கல்லூரி சார் ஒரு வருடம் கழித்து எனக்கு ஒரு வாட்ஸப் அனுப்பினார். "தம்பி, அன்னிக்கு மீட்டிங்ல நான் எதுவும் பேசல. மன்னிச்சிடுங்க. உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?" 'அவங்க' என்று போட்டிருக்கலாம், 'வீட்டுக்காரர்' என்று போட்டிருந்தார். பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். நல்லா இருக்கார் சார் என்று மட்டும் அனுப்பினேன். அவர் இன்னமும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார், இந்த வருடம் அவர் துறையில் ஓர் இடம் காலியாகிறது. விளம்பரம் இன்னும் வரவில்லை.

எனக்குப் பதில் எழுத நினைக்கிறவர்கள் தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் குழுவில் வேறு யாருக்கும் படிக்க வராது.